இரண்டு சுவர் தாண்டாத பெட்டி

ஒரு மனிதனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எண்ணூற்றைம்பது ரூபாய், அடாப்டரோடு சேர்த்து. அதிராம்பட்டினம் கடைத்தெருவில் ஆயிரத்து இருநூறில் தொடங்கிய பேரத்தை அனீஸா அழுதுகொண்டே அந்த இடத்துக்கு இறக்கியிருந்தாள். கண்ணீர் வேறு, கொள்முதல் வேறு.

“ஜெகபர் காக்கா, படம் தெளிவா வருமா?”

வைஃபை பெட்டியை அவள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் ஜெகபர் அலி பொய் சொல்லவில்லை. “பக்கத்துலயே உக்காந்தா வரும்மா. ரெண்டு சுவர் தாண்டாது. நாலு போன் சேந்து தொங்குனா மூச்சு வாங்கும். குடுத்த காசுக்குத்தானே கூவும்.”

புயல் செல்போன் டவரைச் சாய்த்துவிட்டது. தெருவில் மிச்சம் இருந்தது கேபிள்காரர் இழுத்துவிட்ட ஒயர் மட்டும். துபாய் ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் பாசித்துக்கு இன்று நெஞ்சைத் திறக்கிறார்கள். அதற்கு முன் வீடியோவில் கூப்பிட்டுத் தருவதாக நர்ஸ் வானதி, திருவாரூர்ப் பெண், புயலுக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

பாசித்துக்கு வேண்டியது ஒரே சொல். நிக்காஹ்வில் மனைவிக்குத் தருவதாக எழுதிய மஹர் மூன்று பவுன் எழுத்தோடு நின்றுபோயிருந்தது. மனைவி அதை மனசார விட்டுக்கொடுத்து, வாய்விட்டு, “பொருந்திக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டால் கடன் கழியும். கடன் கழிந்தவன் நிம்மதியாகப் போகலாம். அந்தச் சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு அவள் பெட்டிக்குக் கீழே குந்தியிருந்தாள்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மழை இறங்கியது. கூடம் இருண்டது. ஓட்டுக்கு மேலே சடசடவென்ற சத்தம். சுவரில் ஊறிய ஈரச் சுண்ணாம்பு வாடை.

போன் அடித்தது.

“அனீஸா… மஹரை… பொருந்…”

முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

“ஷமா, ஒன் போன அமத்துடி. இருக்குற நெட்டையெல்லாம் அதுதான் குடிக்குது.”

அடுப்படியிலிருந்து பாசித்தின் தங்கை குரல் கொடுத்தாள். “அது காலையிலயே செத்துப்போச்சு மச்சி. சார்ஜ் இல்ல.”

அனீஸா போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்து பார்த்தாள். இணைந்திருந்தவை இரண்டு. ஒன்று அவள் போன். மற்றதன் பெயர் பாசித்.

அதன் சிக்னலும் முழுதாக இருந்தது.

சுண்ணாம்பு வாடைக்கு மேலே இப்போது ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை வந்தது.

போனைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்தாள். படம் கண்ணாடி போலத் தெளிந்தது. பாசித் உதடு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆஸ்பத்திரித் திரை இல்லை. பச்சை ஜன்னல் கம்பி இருந்தது, அதற்கு வெளியே மழை.

அவன் கேமராவைத் திருப்பினான்.

முக்காடு போட்ட ஒரு பெண் சுவரோரம் குந்தி, போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அது அவள் முதுகு.

திரைக்கு மேலே வானதியின் செய்தி வந்து விழுந்தது. ‘அக்கா, விடியக்காலைல இருந்து ஒங்க லைன் கெடைக்கவே இல்ல. அண்ணன் அப்பவே போயிட்டாங்க. அவங்க போன் சார்ஜ் இல்லாம என்கிட்டதான் இருக்கு.’

“சொல்லிடு புள்ள.” குரல் போனிலிருந்து வரவில்லை. “நான் போகணும்.”

அவள் திரும்பவில்லை. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் கணக்குத் தீரும். தீர்ந்தால் போய்விடுவான்.

அந்தச் சொல்லை அவள் விழுங்கினாள்.

“மாட்டேன் மச்சான். பொருந்திக்க மாட்டேன். இருங்க.”

பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

டீ கிளாசோடு வந்த ஷமா நிலைப்படியிலேயே நின்றாள். அவள் பார்வை அனீஸாவைத் தாண்டிப் போயிற்று.

“பாசித் காக்கா எப்ப வந்தாங்க?”

எழுதிய மஹர் மூன்று பவுன். கொடுத்தது இல்லை. பொருந்தியது இல்லை. பாக்கி மூன்று பவுன். கடன்பட்டவன் கூடத்திலேயே இருக்கிறான்.