காலருக்கு மேல் விழுந்த வெயில்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி.

ராஜாத்தியின் உயிர் சற்றுமுன்தான் பிரிந்திருந்தது. அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில், பணிப்பெண் உடலைப் புரட்டித் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் குந்தவை கட்டிலருகே நின்றிருந்தார். இறந்தவளின் கண்களில் வெண்மை மஞ்சளாகியிருந்தது. சிறுநீரகங்கள் முந்தின நாளே செயலிழந்துவிட்டன. எலிக்காய்ச்சல். பிடரியில் மட்டும் விரல் அகலப் பட்டையாகத் தோல் உரிந்து, புதுத்தோல் வெளிறித் தெரிந்தது. குந்தவை அதைப் பார்த்தார், பொருட்படுத்தவில்லை.

அவரை உலுக்கியது வேறொன்று. இவள் இந்த நோயில் சாகக்கூடாதவள்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கீழப்பருத்தியூரில், நடவுக்கும் களைக்கும் இறங்கும் பெண்களிடையே குந்தவை ஓர் ஆய்வு நடத்திவந்தார். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், பாதவெடிப்பின் வழியே நோயை உடம்புக்குள் சேர்க்கிறது. வாரம் ஒருமுறை மாத்திரை விழுங்கினால் அதைத் தடுக்க இயலுமா என்பதே கேள்வி. பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு உள்ளே மாவு மட்டும் அடைத்த வெற்று மாத்திரை. நிறத்திலும் அளவிலும் இரண்டும் ஒன்றே. யாருக்கு எது என்பது குந்தவைக்கும் தெரியாது. சென்னையில் ஆய்வின் புள்ளியியல் பொறுப்பிலிருந்த அகிலாண்டத்துக்கு மட்டுமே தெரியும். கொடுப்பவருக்குத் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும். மனம் சாய்ந்தால் ஆய்வு பொய்யாகும்.

ராஜாத்தியின் நிலை மோசமானதும் அகிலாண்டம் அவளுடைய இரகசியத்தை மட்டும் திறந்து சொன்னார்: மருந்து. ஆனால், திங்களன்று மாத்திரை விழுங்கிச் செவ்வாயன்று மருத்துவமனைக்கு வந்தவளின் இரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை.

வெளியே, சுவரோரம் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார் ராஜாத்தியின் கணவர் பஞ்சநதம். குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். குந்தவையைக் கண்டதும் எழுந்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். அவள நான்தான் கொன்னுட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"கழுத்து எரியுது, கழுத்து எரியுதுன்னு ராவெல்லாம் பொரண்டா. எல்லாம் உங்க மாத்திரை வந்த பொறவுதான். வாயில போட்டுக்கிட்டு வெளிய வந்து துப்பித் தொலைடின்னு நான்தான் சொன்னேன். கொஞ்ச நாள்ல எரிச்சல் நின்னு போச்சு. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், துப்புறான்னு."

"அவங்க துப்பினதப் பார்த்தீங்களா?"

"பாக்கல. ஆனா நின்னு போச்சே."

மாத்திரைக்குத் தயங்கிய ராஜாத்தியிடம், "என்னை நம்பி வாங்க" என்று சொன்னவர் அவர்தான். அந்த நம்பிக்கைக்கு அவர் செலுத்தவேண்டிய விலை ஒன்றுதான்: என்ன நடந்தது என்று இந்த மனிதருக்கு மெய் சொல்லியாகவேண்டும்.

திங்கட்கிழமை, காலை ஏழரை.

கீழப்பருத்தியூர்த் துணைச் சுகாதார நிலையத்தில் இரும்பு அலமாரி திறந்திருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் எண்ணிட்ட தனிப் பாட்டில். வயலுக்குப் போகும் வழியில் அவரவர் வந்து, செவிலி இசைவாணியின் கண்முன் விழுங்கிவிட்டுப் போவது வழக்கம். ராஜாத்தியின் பாட்டிலைக் குந்தவை வெள்ளிக்கிழமையே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். அதில் இருந்தது நல்ல மருந்து என்று முடிவும் வந்துவிட்டது.

அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று இசைவாணியிடம், மற்றொன்று தஞ்சாவூரிலிருந்து மாத்திரை கொண்டுவரும் இளவழகனிடம்.

"இளவழகன், பாட்டிலை எப்பவாவது திறந்தீங்களா?"

"எதுக்குங்க மேடம்? பெட்டிய இறக்குவேன், நம்பரச் சரிபார்ப்பேன், பூட்டுவேன். எந்த நம்பர் எந்த அக்காவோடதுன்னுகூட எனக்குத் தெரியாது. மேல் தெருவா கீழ்த் தெருவான்னு கேட்டாலே முழிப்பேன்."

அது உண்மை. வண்டியைத் திருப்ப இடம் தேடுவதைத் தவிர அவனுக்கு அந்த ஊரோடு வேறு உறவு இல்லை.

இசைவாணியை அழைத்தார். அவள் இந்த ஊர்ப் பெண், வேலையில் நேர்த்தியானவள்.

"ராஜாத்தி முழுங்கினத நீ பார்த்தியா?"

"ஒவ்வொரு வாரமும் பார்த்தேன் மேடம். வாயத் தெறக்கச் சொல்லி, நாக்கத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். தண்ணி ரெண்டு டம்ளர் குடிச்சப்புறம்தான் விடுவேன்."

"துப்பச் சொன்னது தான்தான்னு அவ வீட்டுக்காரர் சொல்றார்."

இசைவாணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அப்படியும் இருக்கலாம் மேடம்."

குந்தவைக்குச் சுருக்கென்றது. நாக்கின் அடிவரை பார்த்தேன் என்றவள், ஒரே மூச்சில் அதைக் கைவிடுவானேன்?

அப்போது வாசலில் குரல் கேட்டது. இசைவாணியின் தாய் அம்சம். ஆய்வுக்கு ஊரில் முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். மகள் வேலை பார்க்கும் ஆய்வில் தாயே சேராவிட்டால் வேறு யார் சேர்வார்கள் என்று ஊர் கேட்டது. அது முறையன்று என்று அறிந்தும் குந்தவை இசைந்தார். அம்சத்தின் கணவர் கண்ணுசாமியைக் கொண்டுபோனதும் இதே காய்ச்சல்தான்.

"பஞ்சநதம் வீட்டுல இருந்துதான் வர்றேன் டாக்டரம்மா. மனுசன் பச்சத்தண்ணிகூடப் பல்லுல படாம கெடக்கு." மின்விசிறியின் கீழ் அமர்ந்தும், கழுத்தைச் சுற்றியிருந்த ஈரத்துண்டை அவர் எடுக்கவில்லை.

"என்ன அம்சம்மா, ஃபேனுக்கடியில ஈரத்துண்டு?"

"எரியுதே. ஒரு மாசமா இந்தக் கூத்துதான். மொதல்ல ராஜாத்திக்கு வந்துச்சு. 'பொறந்ததுலேருந்து வெயில்ல வெந்தவ, இப்ப என்னடி மகாராணி மேனி'ன்னு கேலி பண்ணுனேன். வேப்பிலைய அரைச்சுப் பூசியும் விட்டேன். அவளுக்கு ஆறிப்போச்சு, என்னப் புடிச்சுக்கிச்சு. 'கேலி பண்ணுனீல்ல கெழவி, அனுபவி'ன்னு சிரிச்சா, பாவி மவ."

"துண்ட எடுங்க, பார்ப்போம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், வேர்க்குரு" என்றாள் இசைவாணி, யாரும் கேளாமலே.

அம்சம் துண்டை எடுத்தார். சேலைக்கு மேல் போடும் ஆண்சட்டையின் காலருக்கும் தலைத்துண்டுக்கும் இடையில், குனிந்து நடும்போது வெயில் நேரே விழும் இடத்தில், விரல் அகலப் பட்டை. சிவந்து, கொப்புளித்து, பளபளத்தது. ராஜாத்தியின் பிடரியில் உரிந்திருந்ததும் இதே இடம், இதே அகலம்.

குந்தவை எழுந்து வெளியே போனார். வாய்க்காலோரம் நின்று சென்னைக்குப் பேசினார்.

"அகிலாண்டம், இன்னொரு எண்ணைத் திறக்கணும். அம்சம்."

"காரணம்?"

"சந்தேகமில்ல, நிச்சயம். எழுத்துல பிறகு தர்றேன்."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. பிறகு பதில் வந்தது: "வெற்று மாத்திரை."

காலை பதினொரு மணி. இளவழகன் வண்டியோடு போய்விட்டான். குந்தவை கதவைச் சாத்தவில்லை; அம்சம் வெளியே படியில் அமர்ந்திருந்தார். அவர் கேட்கவேண்டிய பேச்சுதான்.

"இசைவாணி, இந்த டாக்ஸிசைக்ளின் மருந்தைச் சாப்பிட்டவங்கள்ல சிலருக்கு வெயில் பட்ட இடம் வெந்துபோகும். மாவு யாரையும் சுடாது. மாவு மட்டும் சாப்பிட்ட உங்க அம்மாவுக்குக் கழுத்து ஏன் வெந்துச்சு?"

இசைவாணி அலமாரிப் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ராஜாத்தி துப்பியிருந்தா, அவ கழுத்து ஆறியிருக்கும். அவ்வளவுதான். அவ துப்பினதால உங்க அம்மா கழுத்து எரியாது. ஒண்ணு ஆறினப்பவே இன்னொண்ணு எரிய ஆரம்பிச்சிருக்கு. தொடக்கத்துல ராஜாத்திக்கு எரிஞ்சதால, பாட்டில் வந்தப்ப சரியாத்தான் வந்திருக்கு. நடுவுல, இந்த அறையில மாறியிருக்கு. இளவழகனுக்குச் சாவி உண்டு. ஆனா யாருக்குக் கழுத்து எரியுதுன்னு அவனுக்குத் தெரியாது. அந்தப் புகாரைக் கேட்டவ நீ. பாட்டிலைத் தொட்டவ நீ. அம்சத்தோட மகளும் நீ."

"ரெண்டு பாட்டில்லயும் மாத்திரைய மட்டுந்தான் மாத்துனேன்" என்றாள் இசைவாணி. குரல் தாழ்ந்திருந்தது. "அம்மா காலப் பாருங்க மேடம், வெடிப்புல நெல்லே சொருகலாம். சர்க்கரை வேற. அப்பா போன மாதிரி இவங்களும் போயிடுவாங்கன்னு தெனம் பயம். கழுத்து எரியுதுன்னு வந்தவங்களுக்கெல்லாம் மருந்து, அம்மாவுக்கு மாவுன்னு புரிஞ்சுபோச்சு. ராஜாத்தி அக்கா எளவட்டம், திடகாத்திரம். எரியுது, நிறுத்திடவான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்கும் நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை அவ பாட்டில்ல நல்ல மருந்து எப்படி இருந்துச்சு?"

"அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்கன்னதும் திருப்பிப் போட்டுட்டேன்."

"அந்த மனுஷன் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். 'இருக்கலாம்'னு நீ சொன்ன."

அவள் தலை நிமிர்ந்தது. "சொன்னேன். அதுதான் மேடம் பெரிய பாவம். ஆனா ரெண்டாவது வாரமே உங்களுக்குப் போன் பண்ணுனேனே. நடவுக்காரங்களுக்குக் கழுத்து எரியுதாம்னு. ஞாபகம் இருக்கா?"

குந்தவைக்கு நினைவிருந்தது. "வெயில்ல நின்னா எரியாதா?" என்று சொல்லிப் போனை வைத்தவர் அவர். அறியாமையால் சொன்னதன்று. எரிச்சலைக் கணக்கில் எடுத்தால், யாருக்கு எது என்பது வெளிப்பட்டு ஆய்வு குலையும். ஆகவே, கேளாதவராக இருந்துகொண்டார். கேட்டிருந்தால் அன்றே ஆய்வு நின்றிருக்கும். காலுக்குக் காப்பும் அனைவருக்கும் மருந்துமாவது தந்திருக்கலாம். பொருட்படுத்தாமல் விட்டது நேற்றைய பிடரியை மட்டுமன்று.

"என் பேரும் அந்த அறிக்கையில இருக்கும்" என்றார். "போலீஸுக்கும் நானே சொல்வேன். உன்னை மட்டும் காட்டிட்டு நான் ஒதுங்கிக்க மாட்டேன்."

படியிலிருந்து அம்சம் எழுந்து வந்தார். கை பிடரியில் இருந்தது.

"அப்ப, இது ராஜாத்திக்கு வரவேண்டிய எரிச்சலா?"

மகள் தாயின் காலருகே உட்கார்ந்தாள். தாய் அவளைத் தொடவுமில்லை, விலகவுமில்லை. "என்னக் கேட்டியாடி?" என்றார் கடைசியில். "ஒரு வார்த்த என்னக் கேட்டியா?"

பஞ்சநதத்தின் வீட்டுக்கு மூவரும் நடந்தே போனார்கள். அம்சம் முன்னால் நடந்தார். ஈரத்துண்டு சுகாதார நிலையத்துப் படியிலேயே கிடந்தது. உச்சி வெயில் அந்தச் சிவந்த பட்டையின்மேல் நேராக விழுந்தது.

பஞ்சநதம் கூடத்தில், தொடாத சோற்றுத் தட்டின் எதிரில் இருந்தார்.

"உங்க மனைவி மாத்திரையைத் துப்பல" என்றார் குந்தவை. "கடைசி வரைக்கும் முழுங்கினாங்க. நீங்க சொன்னத அவங்க கேக்கவே இல்ல."

அவர் தட்டைச் சற்றுத் தள்ளிவைத்தார்.

"அவ என்னிக்கு என் பேச்சக் கேட்டா" என்றார். சிரிப்பதுபோல் வாய் கோணியது. பிறகு தோள் குலுங்கியது. பெண்டாட்டி செத்த நாளிலும் அழாத மனிதர் என்று பின்னால் நின்ற அம்சம் முணுமுணுத்தார்.

அழுது முடித்தபின் அவர் நிமிர்ந்தார்.

"முழுங்குனாளே. அப்பறம் எப்படி?"

குந்தவை வாயைத் திறந்தார். அதற்குள், உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றிருந்த இசைவாணி, "நான் சொல்றேன், மாமா" என்றாள்.