கடைசிப் பகுதிக்கு ஒரு பந்தயம்

சில்வண்டுக்குப் பத்து வயது. வாய் ஓயாமல் பேசுவதால் அம்மா வைத்த பெயர் அது. அம்மா இறந்து மூன்று மாதமாகிறது. வீட்டில் இப்போது அவ்வளவு பேச்சு இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்தரைக்கு அம்மாவும் அவளும் ஒரு பழைய நகைச்சுவைத் தொடர் பார்ப்பார்கள். அதில் வரும் பள்ளி மாணவனுக்குத் தலைமுடி குத்திட்டு நிற்கும். அம்மா அவனுக்கு முள்ளம்பன்றி என்று பெயர் வைத்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண்மேல் அவனுக்குக் காதல். ஒவ்வொரு வாரமும் சொல்லப் போவான். விக்கல் வந்துவிடும், இல்லையென்றால் வழுக்கி விழுவான்.

"கடைசியில சொல்லிடுவான் பாருங்க" என்றாள் சில்வண்டு ஒருநாள்.

"இவனா? இவனுக்கு நாக்கு மேலண்ணத்துலயே ஒட்டிக்கும்" என்றாள் அம்மா.

பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

இன்று கடைசிப் பகுதி. ஆனால் மூன்று மாதமாக அப்பா அந்தத் தொடரைப் பார்க்க விடுவதில்லை. சில்வண்டு ஒன்றைக் கவனித்திருந்தாள். தொடக்கப் பாட்டு முடியும்வரை அப்பா சும்மா இருப்பார். பின்னணியில் கூட்டம் சிரிக்கும் சத்தம் வந்ததும் எழுந்து வந்து அணைத்துவிடுவார்.

இன்றும் சிரிப்பு வந்தது. அப்பா எழுந்தார்.

"அப்பா, அந்தச் சிரிப்புதானே பிடிக்கல?"

அப்பா நின்றார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. விரலில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

"ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து, அம்மா இனிப் பொழைக்க மாட்டான்னு சொன்னப்ப, பக்கத்துக் கட்டில்காரர் டிவியில இதுதான் ஓடுச்சு. டாக்டர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவ அந்தச் சிரிப்பு வந்துடுச்சு."

சில்வண்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதும் குறைத்தாள்.

"பேச்சும் கேக்காதே" என்றார் அப்பா.

"நான் பேசறேன். நீங்க உக்காருங்க."

அவள் எல்லோருக்கும் பேசினாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கீச்சுக்குரல், தலைமையாசிரியருக்கு இருமல், நாய்க்கும் இரண்டு வரி. முள்ளம்பன்றிக்குக் கட்டைக்குரல்.

"அவனுக்கு இன்னும் மீசையே முளைக்கல. இவ்வளவு கட்டையா பேசுவானா?" என்றார் அப்பா.

"அப்ப நீங்க பேசுங்க."

"நான் வரல."

கடைசிக் காட்சி. எதிர்வீட்டார் ஊர் மாறிப் போகிறார்கள். லாரியில் சாமான்கள் ஏறிவிட்டன. அந்தப் பெண் காரில் ஏறினாள். முள்ளம்பன்றி ஓடி வந்தான். ஜன்னலருகே நின்றான். கையை ஆட்டினான். கார் போய்விட்டது.

அப்பா கண்ணாடி போடாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னான்?"

இப்போது அவன் குரல் சில்வண்டிடம்தான் இருந்தது. எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம். அப்பா நம்பிவிடுவார்.

"ஒண்ணும் சொல்லலப்பா. வாயே திறக்கல."

பெயர்கள் ஓடி முடிந்தன. அவள் டிவியை அணைத்தாள்.

"பந்தயத்துல அம்மா ஜெயிச்சுட்டாங்க. தோத்தவங்கதான் பாத்திரம் கழுவணும்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டியில் நேற்றைய பாத்திரங்களும் கிடந்தன. முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, குழாயைத் திறந்தாள்.

சற்று நேரத்தில் அப்பா வந்தார்.

"நானும் அவன் சொல்லிடுவான்னுதான் நினைச்சேன்" என்று சொல்லி, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டார்.