படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்

அமைதிக்கடல் பல்கலைக்கழக விடுதியில் காலையில் முதலில் பேசுவது பல்துலக்கிதான். "உங்கள் உமிழ்நீரை ஆராய்ந்து, முடிவை மருத்துவப் பிரிவுக்கும் அவர்கள் விரும்பும் பிறருக்கும் அனுப்புவேன். முழு விவரம் முப்பத்தாறு பக்கம். 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள்." அதன் பிறகு தண்ணீர்க் குழாய் கேட்கும், அலமாரி கேட்கும், காலணி கேட்கும், கடைசியாக அறைக்கதவு கேட்கும். நிலவில் எந்தப் பொருளும் அனுமதி வாங்காமல் வேலை செய்வதில்லை. அங்கே படித்த நாலாயிரம் மாணவர்களும் கொட்டாவி விட்டபடியே "ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு ஏழே நிமிடத்தில் வகுப்புக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த தாமரைச்செல்விக்கு மட்டும் மூன்று மணி நேரம் பிடித்தது. அவள் எல்லாவற்றையும் படித்தாள்.

வளர்ந்த வீடு அப்படி. அவளுடைய அம்மா மகேஸ்வரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்தெட்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவள். எல்லைக்கல் வடக்கிலா தெற்கிலா என்பதில் ஒரு சொல் மாறினால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள். மகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போதுகூடப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.

"விசரே உமக்கு?" என்றாள் அறைத்தோழி ரூபவதனி, அவள் காலணியின் ஒப்பந்தத்தைப் புரட்டுவதைப் பார்த்து. வவுனியாக்காரி, நிலவில் அவளுக்கு இது இரண்டாம் வருடம். "சப்பாத்தின்ர ஒப்பந்தத்தை ஆரும் இருந்து வாசிப்பினமே?"

"இருபத்திரண்டாம் பக்கத்துல என்ன போட்டிருக்கான் தெரியுமா? நாம எங்க நடந்தாலும் அந்தத் தடம் அவனுக்குச் சொந்தமாம்."

"கொண்டுபோய் வைச்சிருக்கட்டுமன்! வாரும், வகுப்புக்கு நேரம் போகுது."

நிலவுக்கு வந்த ஒன்பதாம் நாள் மதியம், உணவுக்கூடத்தின் பரிமாறும் கை தாமரையின் தட்டில் சோற்றை வைக்கவில்லை. சுருட்டிய மின்கம்பி ஒன்றை வைத்தது. தட்டின் விளிம்பில் எழுத்துகள் ஓடின: 'இயந்திர வகை. மின்னேற்றம் கீழ்த்தளத்தில்.'

அதற்குக் காரணம் இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் பூமியிலேயே இருந்துகொண்டு, தங்களைப் போலவே ஓர் உயிர்போலியைச் செய்து படிக்க அனுப்பும் வழக்கம் பரவியிருந்தது. உயிர்போலிக்கு உள்ளே மின்கலம் உண்டு என்றாலும் வெளியே ரத்தம் ஓடும், வியர்க்கும், கைரேகைகூட இருக்கும். மின்கலம் உட்பட எல்லாம் ஆய்வகத்தில் வளர்த்த சதை. எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே பல்கலைக்கழகம் உடம்பை விட்டுவிட்டுப் பழக்கத்தைக் கவனிக்கத் தொடங்கியது. அறுபது ஆண்டுப் பதிவுகளைப் புரட்டியதில் ஓர் உண்மை தெரிந்தது. ஒப்பந்தத்தை முழுவதும் படித்த மனிதர் ஒருவர்கூட இல்லை. படித்தவை எல்லாம் பின்னாளில் வீட்டாரே ஒப்புக்கொண்ட உயிர்போலிகள். படிக்காமலே படித்தேன் என்று அவற்றால் சொல்ல முடியாது. அது பொய். இயல்பாகப் பொய் சொல்லக் கற்றுத்தர நல்ல மாதிரி ஒன்று அகப்படவில்லையே என்று தொழிற்சாலைகள் வெகுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தன.

அதிலிருந்து மூன்றாம் நாள் விசாரணை. அதில் மனுஷி என்று நிரூபிக்காவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். தாமரையைத் திரும்பும் கப்பலில், சரக்கறையில், பஞ்சு சுற்றி அனுப்புவார்கள். நிலவு மண்ணியல் படிப்பதற்காக மூன்று வருடம் தொடர்ந்து தேர்வெழுதி, மூன்றாவது தடவை கிடைத்த இடம் அது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுரையே விட்டுரும்," என்றாள்.

"அப்ப இண்டைக்கே பழகும்," என்று ரூபவதனி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "சொல்லும் பாப்பம், 'படித்தேன்'."

"ஆனா படிக்கலையே."

"அதுதானே விசயம்! சும்மா சொல்லும்."

தாமரை சொன்னாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளைப் போலக் குரல் நடுங்கியது. குழாய் சந்தேகப்பட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டது. படுத்துக்கொண்டே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லப் பழக்கினாள் ரூபவதனி. தாமரை அதைச் சொன்ன மறுநொடியே எழுந்து ஓடி வந்து நின்றாள். ரூபவதனி தலையில் அடித்துக்கொண்டாள்.

உணவுக்கூடத்தில் தன் சோற்றில் பாதியைத் தாமரையின் பக்கம் தள்ளினாள்.

"சோத்தைப் பங்கு போடக் கூடாதுன்னு பதினாலாம் பக்கத்துல இருக்கு."

"அப்ப நீர் அந்தப் பக்கத்தைச் சாப்பிடும்."

தாமரை இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்குள் தட்டு கண்டுபிடித்து மூடிக்கொண்டது. அதன் பிறகு வேளைக்கு வேளை தண்ணீரும், ரூபவதனி எங்கிருந்தோ கொண்டுவந்த பிஸ்கட்டும்தான்.

விசாரணை அறை சிறியது. அதிகாரி ஹருகோ மெலிந்த, களைத்த பெண்மணி. அவர் பேசியது தாமரையின் காதிலிருந்த செவிமொழி வழியாகப் பாடப்புத்தகத் தமிழில் வந்தது. சுவரில் ஒரு முள் எண்பத்தெட்டில் நின்றது. நூறு என்றால் முழு இயந்திரம்.

"இது ஒரு சாதாரணப் படிவம். நாற்பது பக்கம். விரும்பினால் தாங்கள் படிக்கலாம்," என்றார் ஹருகோ.

விரும்பக் கூடாது என்று தாமரை உறுதியாகத்தான் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் கண்ணை மூடுவதற்குள் பார்வை மூன்றாம் பக்கத்தைத் தொட்டுவிட்டது.

"மேடம், இங்க ஆறாவது பத்தியும் ஒன்பதாவது பத்தியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலையே."

முள் தொண்ணூற்றாறுக்கு ஏறியது. ஹருகோ பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் மேசையிலிருந்த திரை ஒளிர்ந்தது. பூமியிலிருந்து அழைப்பு. அம்மா.

"பேசுங்கள். பூமி அழைப்பை மறுக்க எமக்கு உரிமை இல்லை," என்றார் ஹருகோ. "ஆனால் நாங்களும் கேட்போம். தங்கள் தாயார் அதற்கு இசைவு தந்திருக்கிறார்."

"அம்மாவா? படிச்சுப் பாக்காம எங்கம்மா எதுக்கும் ஒத்துக்க மாட்டாங்க."

ஹருகோ பதிவைப் பார்த்தார். "நிலவு அழைப்பு ஒப்பந்தம், தொண்ணூற்றிரண்டு பக்கம். தங்கள் தாயார் முக்கால் விநாடியில் படித்திருக்கிறார்." சற்று யோசித்து, "தாயார் ஐயத்துக்கு இடமின்றி மனிதர்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

தாமரை அந்தப் பதிவைத் தானே படிக்கக் குனிந்தாள். அதற்குள் திரையில் முகம் வந்துவிட்டது. நெற்றியில் குங்குமம், காதோரம் பேனா, பின்னால் சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரம்.

"தாமரை! சாப்டியா?"

வயிறு காந்தியது. மூன்று நாளாகச் சோறு இல்லை, என்னை மெஷின் என்கிறார்கள், பஞ்சு சுற்றி அனுப்பப் போகிறார்கள் என்று சொல்ல எல்லாச் சொற்களும் தொண்டையில் இருந்தன.

"சாப்டேன்மா."

சொல் பூமிக்குப் போய்த் திரும்ப மூன்று விநாடி ஆகும். அம்மாவின் முகம் மெதுவாக மலர்ந்தது. "என்ன சாப்ட?"

"சோறு, பருப்பு. அப்பளம்கூட வச்சாங்க."

"முகம் ஏன் வாடிக் கெடக்கு?"

"இங்க லைட்டு அப்படிம்மா."

"படிப்பு?"

"அது பாட்டுக்கு நல்லாப் போகுது. நீ சாப்டியா?"

"ஆச்சுத்தா, இப்பத்தான்." அம்மாவின் தோளுக்குப் பின்னால் பெஞ்சில் தூக்குச்சட்டி மூடி திறக்காமலே இருந்தது. "எதுலயும் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்றாத, என்ன?"

"மாட்டேன்மா. நீ?"

"நானா போடுவேன்? நல்லாக் கேட்ட போ!"

அழைப்பு முடிந்தது. முள் சுழியத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஹருகோ நாற்காலியில் சாய்ந்து தாமரையை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

"ஒரு நிமிடத்தில் நான்கு பொய். ஒன்றினாலும் தங்களுக்கு நன்மை இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் தாயார் எங்கள் மீது புகார் அளித்திருப்பார். அது தங்களுக்கே உதவியிருக்கும். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான சான்றை நான் பார்த்ததில்லை." அவர் மனிதச் சான்றிதழை மேசையில் வைத்தார். "வாழ்த்துகள். பெற்றுக்கொள்ள ஒரு சிறிய ஒப்புதல். நூற்றுப் பதினெட்டுப் பக்கம்."

கதவு கொஞ்சம் திறந்தது. ரூபவதனி தலையை நீட்டினாள். "முடிஞ்சுதே? இண்டைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. பத்து நிமிசத்தில பூட்டிப்போடுவாங்கள், கெதியா வாரும்!"

தாமரை படிவத்தைப் பார்த்தாள். கத்தரிக்காய்க் குழம்பை நினைத்தாள். முக்கால் விநாடியை நினைத்தாள்.

"படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்," என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

உணவுக்கூடத்தில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் காலை ஏழு நிமிடத்தில் வகுப்புக்குக் கிளம்பினாள். அந்தப் படிவத்தின் எழுபத்தோராம் பக்கம் என்ன சொன்னது என்பதை அவளும் பார்க்கவில்லை, வேறு எவரும் பார்த்ததில்லை. விசாரணையில் பதிவான உரையாடலை உயிர்போலித் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி மாதிரியாகத் தருவதற்கு மாணவர் முழுமனதுடன் சம்மதிக்கிறார் என்று அது சொன்னது.

அடுத்த கல்வியாண்டில் நிலவு மண்ணியலில் நாற்பது புதிய மாணவர்கள் சேர்ந்தார்கள். ஒருவர்கூடப் பல்துலக்கியின் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. எல்லாருக்கும் சோறு கிடைத்தது, ஒருவருக்கும் மின்கம்பி கிடைக்கவில்லை. மாத முடிவில் அவர்களில் ஒருவனுக்குத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. மின்னேற்றம் ஆயிற்றா என்று விசாரித்தார்கள்.

நான்கு விழுக்காடு மின்சாரம் மட்டும் மிச்சமிருந்த அவன், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆச்சு, இப்பத்தான். முகம் வாட்டமா தெரியுதா? இங்க லைட்டு அப்படி."