குடிக்காமல் நிற்பவை

அந்தக் கடமான் மடுவின் ஓரத்துக்கு வந்து பத்து நிமிஷமாகியும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை.

பரண்மேல் உட்கார்ந்திருந்த ரேஞ்சர் கோதண்டராமனுக்கு அது பெரிதாகப் படவில்லை. 1983 மே மாதத்து வெயில் பெண்ணையாற்றின் இரண்டு பக்கப் பாறைச் சுவர்களுக்கு நடுவே உலைபோலக் கனன்றுகொண்டிருக்க, காய்ந்த பாசியும் பன்றிச் சாணமும் கலந்த வாடை மேலேறி வந்து மூக்கைத் துளைக்க, காலை ஆறு மணியிலிருந்து அவர் விலங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். நரிப்பாழிப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்க மேலிடத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். அதோடு அவர் கைப்பட எழுதிய சரித்திரமும் போகும். துரைமார்கள் குடித்துவிட்டுச் சிறுத்தை சுட்ட இடம். பிறகு சந்தனமர காண்டிராக்டர்கள் மொட்டையடித்த இடம். சுட்டவனும் முட்டாள், வெட்டியவனும் முட்டாள், பார்த்துக்கொண்டிருந்த இலாகாவும் முட்டாள் என்பது அவர் முடிவு. எல்லோரிலும் அடிமுட்டாள்கள், மடுவுக்கு மேலே பன்னிரண்டு குடிசை போட்டுத் தலைமுறையாகத் தேனெடுத்துத் தின்றவர்கள். போன வருஷம்தான் அவர்களை லாரியில் ஏற்றிக் கீழ்பென்னாத்தூர் பக்கம் இறக்கிவிட்டார். வழி காட்ட ஆள் வேண்டுமே என்று அவர்களில் சடையனை மட்டும் வாட்ச்சராக வைத்துக்கொண்டார்.

"கடமான், ஒண்ணு" என்று பென்சிலை எடுத்தார்.

பக்கத்தில் இருந்த சடையன் அவர் மணிக்கட்டைத் தொட்டான். "அத்த எழுதாதீங்க சார். குடிக்காம நிக்கிறத நாங்க எண்ணுறதில்லீங்க."

"உனக்கு எண்ணவே தெரியாதேடா. கைய எடு."

"எண்ணிட்டா, எண்ணுனவங்களையே பாத்துனு இருக்கும் சார். அப்புறம் போவாது."

கோதண்டராமன் சிரித்தார். அழுத்தி எழுதினார்.

கடமான் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தது.

அடுத்து இரண்டு புள்ளிமான்கள் வந்தன. குடிக்கவில்லை. எழுதினார். காட்டுப்பன்றிகள் ஐந்து. எழுதினார். உச்சிப்பொழுதுக்குள் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. மானும் பன்றியும் கரடியும் ஒன்றையொன்று உரசியபடி நின்றன. ஒரு கனைப்பு இல்லை, ஒரு வால்கூட ஆடவில்லை. அத்தனை முகங்களும் பரண் பக்கம் திரும்பியிருந்தன.

சடையன் பரணிலிருந்து இறங்கி நடந்தான்.

"ஓடுறியா? காட்டுப்பய! நாளைலேர்ந்து இந்தப் பக்கம் தலைய காட்டாதே!"

கத்தியது அப்படியே அடங்கிப்போனது. எதிர்ப்பாறை எதிரொலிக்கவில்லை. அவரும் பரணிலிருந்து இறங்கினார். வெயிலில் ஏற்பட்ட கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு, மடுப் பக்கம் திரும்பாமல் ஜீப்பை எடுத்தார்.

திருவண்ணாமலை வரும்போது மணி நாலு. மலை தெரிந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்களைப் பார்த்து வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினார். மோட்சம் தேடி விமானம் ஏறி வந்த கோமாளிகள்.

தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு மாடு நின்றது. மூக்கு தண்ணீரைத் தொடவில்லை. ஜீப் கடக்கக் கடக்க அதன் தலை கூடவே திரும்பியது.

தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குடங்கள் நிரம்பி வழிந்தன. எட்டுப் பெண்கள். ஒருத்தி வாயிலும் சண்டை இல்லை. கோதண்டராமன் தலையைக் குனிந்துகொண்டார். குனிவதற்குள் மனம் எண்ணிவிட்டது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"சரசு!"

மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். அடுப்பில் பால் கருகும் வாடை. கொல்லையில் ஏதோ சொட்டும் சத்தம்.

போனார்.

சிமெண்ட் தொட்டியருகே சரசு நின்றாள். டம்ளர் உதட்டில். உதடு மூடியிருந்தது. தண்ணீர் முகவாயில் வழிந்து, புடவையை நனைத்து, தரையில் சொட்டியது. பக்கத்தில் மகள் உண்ணாமலை. ஏழு வயது. பூப்போட்ட பாவாடையில். இரண்டு கைகளிலும் தண்ணீர் ஏந்தியபடி.

"குடிம்மா. கொஞ்சம் குடி. அப்பா சொல்றேன்ல."

குழந்தையின் விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது. கை இறங்கவில்லை.

கண்ணை மூட வேண்டும். எண்ணக்கூடாது. எண்ணக்கூடாது.

ஒண்ணு. ரெண்டு.

கொல்லைக் கதவு தானாகத் திறந்தது. வெளியே தெருவே திரண்டு நின்றிருந்தது. பூக்காரி, பால்காரர், வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள், கைக்குழந்தைகள். ஆளுக்கொரு பாத்திரம், விளிம்புவரை தண்ணீர். ஒரு தொண்டையும் அசையவில்லை. இமைக்காத கண்கள், அத்தனையும் அவர்மேல்.