எல்லாத் தொட்டிக்கும் ஒரே எர்த்

மெக்கானிக் அந்தப் பழைய வீட்டின் கேட்டைத் திறந்தபோது காலை பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. பேய் பிசாசெல்லாம் விடுமுறையில் இருக்கும் நேரம். ஆஸ்பத்திரிகளில் ஈ.சி.ஜி. மெஷின் பழுது பார்ப்பது அவன் தொழில். அன்று அவன் வந்தது மெஷினுக்காக அல்ல, தங்கைக்காக. "கையோட கூட்டிட்டு வந்துடு. அவ இல்லாம நீ மட்டும் வந்து நிக்காதே" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தங்கை மூன்று நாளாக வீடு திரும்பவில்லை. செடிகளுக்குள் ஓடும் மின்சாரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யத்தான் அவள் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கொட்டகை. உள்ளே பன்னிரண்டு தொட்டிகளில் தொட்டாச்சிணுங்கி. ஒவ்வொரு செடியின் காம்பிலும் ஒரு வெள்ளிக் கம்பி, ஈர மண்ணில் இன்னொன்று. இரண்டின் மறுமுனையும் அவன் கொண்டுவந்து கொடுத்த பழைய ஈ.சி.ஜி. மெஷின்களில். ஓர் இலையின் நுனியைத் தீக்குச்சியால் சுட்டால் செடிக்குள் மின்சாரம் ஓடும். ஓடும் வழியெல்லாம் இலைகள் வரிசையாக மூடிக்கொள்ளும். மெஷினின் பேனா துள்ளிக் காகிதத்தில் கோடு இழுக்கும். தினமும் செடிக்கு ஓர் இலை சுடுவாள். நரம்பே இல்லாததற்கு வலிக்கவா போகிறது என்பாள்.

கொட்டகைக் கதவைத் தள்ளினான். உள்ளே ஒரே புழுக்கம். கருகிய பச்சை வாடை மூக்கில் ஏறியது. அதற்கடியில் வேறொரு வாடை.

அது செடியின் வாடை இல்லை.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"கதவை மூடுண்ணா. அதுங்களுக்குக் காத்து பிடிக்காது."

அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து ஒரு கம்பி. அதைப் பார்த்ததும் அவனுக்குச் சுரீரென்றது. அவன் சொல்லித்தான் அவள் கட்டியிருந்தாள். பக்கத்தில் போனாலே பேனா நடுங்குகிறது என்று ஆறு மாதத்துக்கு முன் போன் செய்தாள். "உன் உடம்புல இருக்கிற கரண்ட் கலக்குது. எல்லாத் தொட்டி மண்ணுலயும் இருக்கிற எர்த் கம்பியை ஒண்ணாச் சேத்துடு. நீயும் ஒரு பட்டை கட்டி அதுலயே மாட்டிக்கோ" என்று வேலை அவசரத்தில் சொல்லி வைத்தான். ஒரு நோயாளியோடு தன்னை அப்படிச் சேர்த்துக் கட்ட அவன் செத்தாலும் சம்மதிக்க மாட்டான். செடிதானே என்று அலட்சியம்.

அவள் கையைத் திருப்பிப் பார்த்தான். முழங்கை வரை வட்ட வட்டமாகச் சூட்டுப் புண்கள், இரண்டிரண்டாக, வரிசை பிசகாமல்.

"யாருடி சுட்டது?"

"நான் தீக்குச்சியைத் தொட்டே மூணு நாளாச்சு. முதல்ல பேனா துள்ளும். அப்புறம் இங்க ஒண்ணு வரும்."

பேனா துள்ளியது.

அவன் கண்ணெதிரே அவள் தோல் சிவந்தது, உப்பியது, புகைந்தது. நெருப்பு எங்கேயும் இல்லை.

அவன் பட்டையைப் பிய்த்து எறிந்தான். அவளுடைய விரல்கள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாக மடங்கின. மணிக்கட்டு மடங்கியது. கழுத்து மடங்கியது. மூச்சு நின்றுவிட்டது. அலறியபடி பட்டையைத் திரும்பக் கட்டினான். அவள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

கட்டிங் பிளேயரை எடுத்து ஒரு செடியின் தண்டை லேசாக நெரித்தான். தங்கை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வேணாம்ணா… யாராவது ஒரு ஆள் மாட்டிட்டே இருக்கணும். இல்லேன்னா விடாதுங்க."

யாராவது ஒரு ஆள்.

அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்தால் பயம் வந்துவிடும். பையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்துத் தன் கையில் கட்டி அதே கம்பியில் மாட்டினான். பிறகு அவளுடையதை அவிழ்த்தான். இந்த முறை அவள் மூச்சு நிற்கவில்லை.

"ஓடு. பஸ் பிடிச்சு நேரா அம்மாகிட்ட போ."

"அண்ணா, நீ?"

"எனக்கு மெஷின் தெரியும், சாயந்திரத்துக்குள்ள ஏதாவது வழி பண்ணிக்கறேன். போடீன்னா!"

அழுதுகொண்டே ஓடினாள். மூடியிருந்த இலைகளெல்லாம் மெல்ல விரிந்து அவன் பக்கம் திரும்பின. முதல் சூடு மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். வலியில் உயிர் போனாலும் மனசு நிறைந்திருந்தது. அவள் தப்பித்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. அம்மா.

"வந்துட்டாடா! ஆள் பாதியா இளைச்சுப் போயிட்டா. நீ எப்ப வரே?"

"வரேம்மா." அவனுக்குக் கண் கலங்கியது.

போனுக்குள் 'நறுக்' என்று ஒரு சத்தம்.

பன்னிரண்டு பேனாக்களும் ஒரே சமயத்தில் துள்ளின.

"அது என்னம்மா சத்தம்?"

"வேலிச் செடி எக்கச்சக்கமா வளந்து கிடக்கு. கத்தரிச்சுட்டு இருக்கேன்."

நறுக். பேனாக்கள் துள்ளின. அந்த வேலிக்கும் இந்தக் கொட்டகைக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். அங்கே எந்தக் கம்பியும் இல்லை.

"அம்மா, கத்தரியைக் கீழ போடு! அவளை உள்ள கூட்டிட்டுப் போ!"

"ஏன்டா இப்படிக் கத்துறே? இரு… இவ எதுக்கு வேலிக்குள்ள கையை விட்டுட்டு நிக்கிறா? ஏய், எடுடி கையை… எடுடி!"

கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகும், தங்கையின் அலறலுக்கு நடுவே, நறுக், நறுக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.