மென்ற கவளம்

அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் எப்போதும் ஊறிப்போயிருந்தன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோல நுனிகள் வெளுத்துச் சுருங்கி, தொட்டால் தோல் தனியாக நழுவியது. பக்கத்திலேயே மோதிர விரலும் சுண்டு விரலும் காய்ந்து கிடக்க, இந்த மூன்று மட்டும் என்ன பாவம் செய்தன என்று மகளுக்கு விளங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "ஈரத்துல கை வைக்க விடாதீங்க" என்று ஒரு பவுடரை எழுதிக் கொடுத்தார். படுக்கையை விட்டே எழுந்திருக்காத மனிதர் எந்த ஈரத்தில் கை வைக்கிறார் என்று டாக்டரிடம் கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பவுடரைப் போட்டாள். மறுநாள் அது பசையாகத் திரண்டு நகக்கண்ணில் அடைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். புளித்த எச்சில் வாடை.

அதைவிடப் பெரிய கவலை அவர் இளைத்துக்கொண்டே போனது. தட்டு மட்டும் வேளை தவறாமல் காலியானது. ரொட்டி, வேகவைத்த இறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, எதை வைத்தாலும் துடைத்து வைத்த தட்டுதான் திரும்பி வந்தது. ஆனால் தோளில் எலும்பு துருத்தியது, கன்னம் ஒட்டியது, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. "இப்படியே போனா இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார்மா" என்றார் டாக்டர். அம்மா போய் ஒரு வருடம் ஆகவில்லை. இருக்கிற ஒருவரையும் விட்டுக் கொடுப்பதாக அவள் இல்லை.

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகு, சாந்து, ரோஸ் நிற ஈறு இவற்றோடுதான் அவளுடைய பொழுது கழியும். ஊராருடைய வாயெல்லாம் அச்சாக அங்கே அலமாரியில் உட்கார்ந்திருக்கும். தேய்மானத்தைப் பார்த்தே இவர் இடது பக்கம் மெல்கிறவர், இவருக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற வழக்கம் என்று சொல்லிவிடுவாள். அப்பாவுக்குப் போன வருடம்தான் பார்த்துப் பார்த்து ஒரு செட் செய்து கொடுத்திருந்தாள். ஒரு நாள் அதைக் கழுவும்போது வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கடைவாய்ப் பற்கள் மழுங்கித் தட்டையாகியிருந்தன. ஒரு குடும்பமே சேர்ந்து மென்றாலும் ஒரு வருடத்தில் இப்படித் தேயாது. இவ்வளவு மெல்கிறவர் உடம்பில் ஏன் எதுவும் ஒட்டவில்லை?

அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். "போர்ல இருந்து வந்த பழக்கம்டி. வெளிச்சம் தெரிஞ்சா எதிரி சுட்டுடுவான்ல" என்பாள் அம்மா. சின்ன வயதில் ஒரு தோழி வீட்டில் விளக்கெரிய எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதைக் கண்டு, இவர்களுக்கு வெட்கமே இல்லையா என்று நினைத்தவள் அவள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அந்தப் பழக்கம் முற்றியது. ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிடச் சொன்னார். தட்டை மடியில் வைத்ததும் அவள் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

ஒரு சாயங்காலம் அவள் போகவில்லை. கதவை மட்டும் சத்தமாகச் சாத்திவிட்டு உள்ளேயே சுவரோடு ஒட்டி நின்றாள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தைலமும் மூத்திரக் குவளையும் இறைச்சியின் வெதுவெதுப்பும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. அப்பா மெல்லத் தொடங்கினார். மெத்தென்று, நிதானமாக, பிள்ளைக்கு ஊட்டுவதற்காக எதையோ மசிப்பதுபோல மென்றுகொண்டே இருந்தார். அவள் விழுங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பல் செட்டைப் பொருத்திப் பார்க்கும்போது "ஒரு தடவ விழுங்குங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டவள் என்பதால் தொண்டையில் அது இறங்கும் சத்தம் அவளுக்குத் தெரியும். அந்தச் சத்தம் வரவே இல்லை. வாயிலிருந்து எதையோ கையில் துப்பும் சத்தம் வந்தது. கட்டில் கிறீச்சிட்டது.

"இந்தாடா தம்பி" என்றார் அப்பா, குழைந்த குரலில்.

பிறகு ஓர் உறிஞ்சல். ஈரமாக, ஆசையாக, அவசரமே இல்லாமல்.

அவளுக்குத் தம்பி கிடையாது. அப்பாவுக்கும் கிடையாது.

செல்போன் விளக்கைப் போட்டாள். அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கையை நீட்டிக்கொண்டிருந்தார். இடுக்கில் யாரும் இல்லை. தரையில் ஒரு பருக்கை இல்லை. ஆனால் உட்கார்ந்த ஆளின் முகம் வருகிற உயரத்தில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. அப்பாவின் மூன்று விரல்களிலிருந்தும் எச்சில் இழை ஒன்று இடுக்கை நோக்கி நேராக நீண்டிருந்து, அவள் பார்க்கப் பார்க்கத் தொய்ந்து, அறுந்து, அவர் மணிக்கட்டில் ஒட்டியது.

"அணைடி! அணைச்சுத் தொலை!" என்று கத்தினார் அப்பா. அவள் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

அப்பாவோடு போரில் இருந்தவர்களில் மிஞ்சியவர் வயர்லெஸ் மாமா ஒருவர்தான். ரேடியோ வேலை பார்த்தவர் என்பதால் அல்ல, வாய் ஓயாதவர் என்பதால் வந்த பெயர். முன்னாள் வீரர்கள் இல்லத்தில் இருந்தார். மறுநாள் மத்தியானம் அவள் போனபோது சாப்பாட்டுக் கூடத்தில், அத்தனை விளக்கும் பட்டப்பகலில் எரிய, ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். போரில் பதுங்கியிருந்த சுரங்கத்தைப் பற்றி அவர் சொல்லும் கதையை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். குண்டு விழுந்து வாசல் மூடியது, சுவரில் கசிந்த தண்ணீரை நக்கியது, ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. எல்லோரும் சிரிக்கிற மாதிரித்தான் சொல்வார்.

"தம்பிங்கறது யாரு மாமா?"

ரொட்டி டீக்குள் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"உங்கப்பன் இன்னுமா குடுத்துட்டு இருக்கான்?"

"யாருக்கு மாமா?"

"எங்கள்லயே சின்னப் பையன்ம்மா. பேரு சொல்லி யாரு கூப்பிட்டா, எல்லாருக்கும் தம்பிதான். குண்டு விழுந்தப்ப கீழ்த்தாடையே போயிடுச்சு. கையால தடவித்தான் தெரிஞ்சுது. அந்த இருட்டு இருக்கே, கண்ண மூடினாலும் ஒண்ணுதான், தொறந்தாலும் ஒண்ணுதான். பிஸ்கட்டு கல்லு மாதிரி. தாடை இல்லாதவன் எப்படிக் கடிப்பான்? உங்கப்பன்தான் பக்கத்துல இருந்தான். மென்னு, மூணு வெரல்ல எடுத்து, நாக்குல வெச்சான். அவன் உறிஞ்சற சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. எங்களுக்கே சிரிப்பு. நம்ம யாரு செத்தாலும் இவன் சாக மாட்டான்டான்னு கிண்டல் பண்ணிட்டிருந்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தோண்டி எடுத்தாங்க. வெளிச்சம் வந்துச்சு." அவர் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பய ஊதி, பச்சையாகி, தோலு கழண்டு கெடக்கறான். அந்த நாத்தத்த எங்க புண்ணு நாத்தம்னு நெனச்சிட்டிருந்தோம். குண்டு விழுந்தப்பவே செத்துட்டான்னு டாக்டர் சொன்னாரு. வாய்க்குள்ள பாத்தோம்மா. ஒரு துணுக்கு பிஸ்கட்டு இல்ல. சுத்தமா இருந்துச்சு. அப்ப அத்தன நாளும் எங்க பிஸ்கட்ட யாரும்மா தின்னது?"

கூடத்தில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அவள் துள்ளி விழுந்தாள்.

"உங்ககிட்ட வரலையா மாமா?"

"வந்துச்சு. நான் இருட்டுல வாயில எதையும் வெக்கிறதில்ல. மாத்திரகூட. உங்கப்பன் எளகின மனசுக்காரன். செத்ததுதான் திங்குதுன்னு தெரிஞ்சும் பசிக்குமேன்னு குடுக்கறான். வெளக்கப் போடும்மா. போட்டு வை."

போட்டு வைத்தாள். கம்பளியைக் கழற்றி எறிந்து, அறையில் பகலென்றும் இரவென்றும் இல்லாமல் விளக்கை எரியவிட்டாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், மூக்கைப் பிடித்து ஊட்டக்கூடப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, இடுக்கையே பார்த்தபடி கிடந்தார். தண்ணீர் மட்டும் இறங்கியது. மூன்று விரல்களும் காய்ந்து உரிந்தன. அது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்த வெற்றி. இடுக்கிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. முதலில் செத்த எலி என்று நினைத்து அலமாரியை நகர்த்தித் தேடினாள். எலி இல்லை. போகப்போக அது அவள் உடுப்பில், தலைமுடியில், பல் செட் கூடத்தில் அவள் இழைக்கும் மெழுகில்கூட ஏறிக்கொண்டது. அப்பாவுக்குக் கண் உள்ளே போய்விட்டது. நாளைக்குள் ஏதாவது இறங்கவில்லை என்றால் நம்பிக்கை இல்லை என்று டாக்டர் கையை விரித்தார்.

"எதுக்குப்பா இப்படிச் சாகறீங்க?" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் மெல்லலைன்னா அவன் எப்படி பாப்பா சாப்பிடுவான்?" குரல் காற்றாகத்தான் வந்தது. "அவனுக்குக் குடுக்காம எனக்கு எறங்காது."

அவள் அந்த இடுக்கைப் பார்த்தாள். பிசுக்கைப் பார்த்தாள். அப்பாவின் நெஞ்செலும்பு ஏறி இறங்குவதையும் பார்த்தாள்.

"அவனுக்கு நான் மென்னு குடுக்கறேன். நீங்க உங்க பங்கை முழுங்கணும். சரியா?"

அப்பா அவளைப் பார்த்தார். கண்ணோரம் நனைந்தது. "மொதல்ல அவனுக்கு" என்றார்.

பொழுது சாயும் நேரம் கம்பளியைத் திரும்ப மாட்டினாள். அப்பாவைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். அவர் சோர்ந்து கண்ணை மூடியிருந்தார். பல் செட் வேண்டாம், அவருக்குப் பாலில் ஊறிய ரொட்டி போதும். தட்டை மடியில் வைத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இடது பக்கம் அப்பா. வலது பக்கம் இடுக்கு. விளக்கை அணைத்தாள்.

இறைச்சியை வாயில் போட்டு மென்றாள். அந்த வாடை நாக்கிலேயே உட்கார்ந்திருந்ததில் எது இறைச்சி, எது இடுக்கு என்று தெரியவில்லை. கூழானதும் விரலில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் நீட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாக்கு. கனமாக, சில்லென்று, கீழே தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் தொங்கிய நாக்கு அவள் விரல்களைச் சுற்றி ஏறியது. உறிஞ்சியது. விட்டது. அவள் கத்தவில்லை. கத்தினால் அப்பா சாப்பிட மாட்டார்.

இடது கையால் பால் ரொட்டியைத் தடவித் தடவி அப்பாவின் வாயில் வைத்தாள். அது வாயிலேயே கிடந்தது. "முழுங்குங்கப்பா" என்றாள். அடுத்த கவளத்தை மென்று வலப்பக்கம் கொடுத்தாள். அதற்கடுத்ததும். நான்காவதையோ ஐந்தாவதையோ நீட்டியபோது வலப்பக்கம் யாரும் வரவில்லை. கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டே இருந்தாள். வெறும் சுவர். வாடைகூட விட்டிருந்தது. வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது.

அப்போது இடப்பக்கம் அப்பா ரொட்டியைத் துப்பினார்.

"என்னப்பா, பிடிக்கலையா?" அவளுக்கு ஒன்று தோன்றியது. கையில் மீந்திருந்த மென்ற இறைச்சியை அவர் உதட்டில் வைத்தாள். குழந்தைக்குக் கொடுப்பதில்லையா, அதில் என்ன அருவருப்பு? அவர் வாங்கிக்கொண்டார். தொண்டையில் அது இறங்கும் சத்தம் கேட்டது. தெளிவாக. எத்தனை மாதமாக அவள் ஏங்கிய சத்தம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மென்றாள், கொடுத்தாள். மென்றாள், கொடுத்தாள். அவர் தலையை முன்னுக்கு நீட்டி நீட்டி வாங்கினார். எத்தனை மணி நேரம் போனதென்று தெரியவில்லை, தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. "போதுமாப்பா? இன்னும் வேணுமா?" விரலை அவர் விடவே இல்லை.

நன்றாகச் சாப்பிட்டுவிட்டார். அப்பா பிழைத்துவிட்டார். கடைசிக் கவளத்தை மென்றுகொண்டே, அந்த முகத்தைப் பார்க்கும் ஆசையில் விளக்கைப் போட்டாள்.

அப்பாவின் கண்கள் பாதி திறந்து காய்ந்திருந்தன. ஓர் ஈ விழியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கையைத் தொட்டாள். சில்லிட்டு விறைத்திருந்தது. மடங்கவில்லை. இது இப்போது போன உயிர் இல்லை. விளக்கை அணைத்தபோதே போனது.

மார்பில் அவர் துப்பிய ரொட்டி கிடந்தது. மூச்சில்லை. எங்கேயும் எந்த அசைவும் இல்லை.

உதடுகள் மட்டும் அசைந்தன. வெளிச்சத்தில். ஈரமாக, குவிந்து, மெதுவாகத் திறந்தன. கழுவிய கிண்ணம்போலச் சுத்தமான வாய். உள்ளே நாக்கு மேலெழுந்து, விளிம்புவரை வந்து, காத்திருந்தது.

அவள் வாயில் அந்தக் கவளம் இருந்தது. மென்று முடித்தாயிற்று. விழுங்கப் பார்த்தாள். இறங்கவில்லை.