பிழைத்தவர்களின் கண்கள்

மரபுநோக்கிக் கூடத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் யாருக்காவது நன்றி சொல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை. நன்றிக்கு உரியவர் செத்து முந்நூறு வருடம் ஆகியிருக்கும் என்பதால், கையில் கிடைத்தவருக்குச் சொல்வார்கள். அமெரிக்காவில், ஹார்ட்ஃபோர்ட் நகரக் கூடத்தின் வாயிற்காவலருக்கு ஒரே நாளில் விழுகிற கும்பிடு சில கோயில் சாமிகளுக்குக்கூட விழாது.

இளவெயினி ஹோல்கோம்பும் முதல்முறை வந்தபோது அவரைக் கட்டிக்கொண்டு அழுதவள்தான். இன்று அம்மா மங்கையர்க்கரசியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நாளைக்கு வெயினி படையில் சேர வேண்டும். வடகடலில் போர் இன்னும் ஓயவில்லை. கணவன் நேதன் நோயில் போனபிறகு அந்த அம்மாவுக்கு இருப்பது இந்த ஒரு பெண்.

"ஒரு தடவை பாரும்மா. அப்புறம் நீயே என்னைத் தடுக்க மாட்ட."

"பாக்கறேன். பாத்துட்டும் தடுப்பேன்."

இருவரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். பெரும் பயம் உயிரணுவில் தழும்பு விட்டுப் போகும். அந்தத் தழும்பு பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும். அதைக் காட்சியாக்குவதுதான் மரபுநோக்கியின் வேலை. முன்னோரின் கண்ணாலேயே சில நிமிடங்கள் பார்க்கலாம். ஆனால் பிள்ளை கருவாகும்வரை நடந்தது மட்டுமே தெரியும். அதற்குப் பிறகு அவர் எப்படிச் செத்தார் என்பது வாரிசின் உடம்புக்குத் தெரியாது. இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. தாத்தா சாவதைப் பார்க்க யார் வரிசையில் நிற்பார்கள்?

வெயினியின் ரத்தத்துளியிலிருந்து அவள் அப்பாவழி முன்னோன் ஏமஸ் ஹோல்கோம்ப் கண் விழித்தான். அமெரிக்கா இன்னும் இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த காலம். கனெக்டிகட் படையின் சாதாரணச் சிப்பாய் அவன். எதிரே பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை. வெட்டிச் சாய்த்த மரங்கள் வழியெல்லாம் கிடந்தன. குண்டுகள் பட்டையைப் பிய்த்துக்கொண்டு போயின. பக்கத்தில் இருந்த ஒரு பையன், முகமெல்லாம் செம்புள்ளிகள், ஏமஸின் தலையைச் சேற்றில் அழுத்தினான். அடுத்த நொடி அந்தக் கை கனத்தது. "சாம்," என்று கூப்பிட்டான் ஏமஸ். பதில் இல்லை. கையை விலக்கிவிட்டு, ஏரியில் நின்ற படகை நோக்கி ஓடினான்.

மங்கையர்க்கரசி கவசத்தைக் கழற்றியபோது முகம் நனைந்திருந்தது. ஓடினானே மகராசன், நின்றிருந்தால் நேதன் ஏது, இந்தப் பெண் ஏது? பார்த்தறியாத அந்த மனிதனை அவள் மனதார வாழ்த்தினாள்.

"பாத்தியா?" என்றாள் வெயினி. "அத்தனை குண்டுல ஒண்ணுகூட படல. அவரோட அப்பாவையும் பாத்தேன், அதுக்கு முந்தினவரையும் பாத்தேன். கப்பல், அம்மை, சண்டை, எல்லாத்துலயும் தப்பிச்சிருக்காங்க. நம்ம ரத்தம் அப்படிம்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அந்தப் பையன் யாரு?"

"எந்தப் பையன்?"

கூடத்துப் பணிப்பெண் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் படைப்பிரிவில் சாம் ஒருவர்தான். சாமுவேல் டட்டில், பத்தொன்பது வயது. பிள்ளை இல்லை. அதனால் அவர் கண்ணால் பார்க்க வழியில்லை, மன்னியுங்கள்."

மங்கையர்க்கரசி பின்வாசல் வழியே ஆற்றங்கரைக்கு நடந்தாள். வெயினி பின்னாலேயே ஓடினாள். மங்கையர்க்கரசியின் ஊரான மாயவரத்தில் ஆடி அமாவாசைக்குக் காவிரியில் இறங்கினால், தன் முன்னோருக்கு விட்டது போக, நாதியற்றுப் போனவர்களுக்கென்று ஒரு கை தண்ணீர் விடுவார்கள். பெண்கள் செய்யலாமா என்று கேட்க இங்கே யாரும் இல்லை. அவள் கனெக்டிகட் ஆற்றில் குனிந்து தண்ணீரை அள்ளினாள்.

"சாமுவேலு, நீ நல்லா இருக்கணும்ப்பா. எம்பொண்ணக் குடுத்தவன் நீ."

வெயினியும் ஒரு கை அள்ளி விட்டாள். "தேங்க்ஸ் சாம்," என்றாள். பிறகு, "பாவம்மா. அவரோட ரத்தம் நம்மள மாதிரி இல்ல போல," என்றாள்.

"அவனுக்கும் அப்பன், பாட்டன்னு இருந்திருப்பாங்கல்ல? அவனை இந்த மெஷின்ல ஒக்கார வெச்சிருந்தா என்ன காட்டியிருக்கும்?"

வெயினி யோசித்தாள். "தப்பிச்சவங்களத்தான்."

"அதுல ஆதியிலேருந்து ஒருத்தர்கூட செத்திருக்க மாட்டாங்க. அதப் பாத்துட்டு அவனும் உன்ன மாதிரியே தைரியமாக் கெளம்பியிருப்பான்."

வெயினி அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். ஆளெடுக்கும் மேசையைப் படை அங்கேதான் போட்டிருந்தது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பலர் அங்கே வரிசையில் நின்றார்கள். வெயினி அதிகாரியிடம் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். சாமுவேல் இரண்டாம் முறையாகக் கை கொடுத்துவிட்டான் என்று மங்கையர்க்கரசி நினைத்துக்கொண்டாள்.

வரிசையின் முதலில் நின்ற இளைஞனிடம் வெயினி கேட்டாள்: "உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?"

"இல்லை. ஏன், பயமா?" அவன் இரக்கத்தோடு சிரித்தான். "எனக்கு அந்தக் கவலையே கிடையாது. எங்கள் பரம்பரையில் போரில் செத்தவர் ஒருவர்கூட இல்லை."